‘செம்மீன்’ பிடிக்கவில்லை என்றால் தப்பா?

கேள்வி: என் வீட்டுக்காரர் லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். இந்த 61 நாள் தடைக்காலத்தில் அவர் கரையில் இருந்தபோது, தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ நாவலை சுந்தர ராமசாமியின் தமிழில் படித்தேன். பெண்டாட்டி கரையில் ஒழுங்காக இருந்தால்தான் புருஷன் கடலில் பிழைப்பான் என்று வருகிறது. ஆத்திரமாக வந்தது. டீச்சராக இருக்கும் என் நாத்தனார், “விருது வாங்கின நாவல், உனக்குத்தான் புரியல” என்கிறார். என் கருத்து தப்பா?
— வாசகி, காசிமேடு

பதில்: தப்பே இல்லை, சகோதரி. 1956-ல் வந்து, மறு வருஷமே சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல்தான். அதற்காகப் பிடித்தது என்று சொல்ல வேண்டுமா என்ன? காற்று ஏறிய ராத்திரியில், போன லாஞ்சு வந்து சேரவில்லையே என்று வாசலில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். ஏதாவது ஆகிவிட்டால் ஊர் முதலில் யாரைப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆத்திரம் நியாயமானது.

ஆனால் ஓர் இடத்தை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். கதாநாயகி கறுத்தம்மாவைப் பற்றிய ஊர்ப்பேச்சை நம்பி, அவள் புருஷன் பழனியோடு வள்ளத்தில் போக மற்றவர்கள் மறுக்கிற இடம். அத்தனை கெட்டிக்காரன் அதற்கப்புறம்தான் தூண்டிலை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறான். கடைசியில் சுறா இழுத்துக்கொண்டு போகும்போது, துடுப்புப் பிடிக்கப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. நாலு பேர் சேர்ந்து போகிற தொழிலில் ஒருத்தனைத் தனியாக விட்டால் என்ன ஆகும்? உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள், சொல்வார். பழனியைக் கொன்றது ஊர்ப்பேச்சு என்றுதான் எனக்குப் படுகிறது.

கடன் விஷயமும் அப்படித்தான். வள்ளமும் வலையும் வாங்க, கறுத்தம்மா விரும்பிய மீன் வியாபாரி பரீக்குட்டியிடம் கைநீட்டிய செம்பன்குஞ்சு அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வைப்பதில்லை. அந்தக் கடனை நினைத்து நினைத்து மருகுகிறவள் மகள் கறுத்தம்மா. தகழி அவளைத் தாழ்த்திவிடவில்லை என்பதற்கு எனக்கு இது போதும்.

சரி, முடிவு? அங்கே நானும் உங்கள் பக்கம்தான். அவளும் பரீக்குட்டியும் சேருகிற அதே ராத்திரியில் பழனி சுழலில் போனதால், ஊர் சொன்னது பலித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. எத்தனை தடவை படித்தும் எனக்கு அது மனசு ஆறவில்லை.

அதனால் நாத்தனாரிடம் “பிடிக்கல” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கடைசிப் பக்கங்களைப் பிரித்து வைத்து, அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவர் அவருக்கும் கூடப்பிறந்தவர்தானே.