பீரோவில் இருக்கும் பணி நியமன ஆணை

கேள்வி: என் மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவள். கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணி கிடைத்திருக்கிறது. போனால் மேற்படிப்பு பாழாகும், வரனும் அமையாது என்கிறோம். போயே தீருவேன் என்கிறாள். ஆணையை வாங்கிப் பீரோவில் வைத்திருக்கிறேன். சேருவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அவளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

- ஒரு தாய், சேலம்

பதில்: சகோதரி, மேற்படிப்பையும் வரனையும் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், பீரோவைப் பற்றி ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். ஹவுஸ் சர்ஜனாக இரவெல்லாம் கண்விழித்துப் பிரசவம் பார்த்த ஒரு பெண்ணின் பெயருக்கு அரசு அனுப்பிய ஆணையை, பள்ளிப் பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதுபோலப் பூட்டி வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

மலைப் பகுதியில் 20,000 பேருக்கும் சமவெளியில் 30,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. உங்கள் மகள் பணியில் சேரவும் இல்லை, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் இல்லை என்றால், கெடு முடியும்வரை ஏட்டில் அந்த இடம் அவள் பெயரிலேயே கிடக்கும். அடுத்து காத்திருப்பவரையும் அழைக்க முடியாது. காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் நடந்து வருகிறவள், ஓ.பி. அறையில் வெறும் நாற்காலியைப் பார்ப்பாள். செவிலியர் தம்மால் இயன்றதைச் செய்துவிட்டு 108-ஐ அழைப்பார். கிராமத்துக்கு டாக்டர் வருவதில்லை என்று ஊரெல்லாம் குறைப்படுகிறோமே, அப்படி வராத டாக்டர் ஒருவரின் ஆணை இப்போது உங்கள் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது.

மேற்படிப்பு பாழாகும் என்பது விவரம் தெரியாத பேச்சு. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி, அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கே உரியது. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது. எளிதில் போய்ச்சேர முடியாத பகுதிகளில் பணியாற்றியவர்களுக்கு ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. இதெல்லாம் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள்தான் கேட்கவில்லை. மலையில் வேலை பார்க்கும் டாக்டர் வேண்டாம் என்கிற சம்பந்தம் விலகிப் போகட்டும், நல்லதுதான்.

தனியாக இருப்பாளே என்ற கவலையை மட்டும் நான் தள்ளமாட்டேன். குடியிருப்பு உண்டா, கதவுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, இரவுப் பணியில் உடன் யார் இருப்பார்கள் என்று நீங்களும் உங்கள் கணவரும் நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். முதல் மாதம் அவளோடு தங்கிச் சமைத்துப் போடுங்கள். பெற்றவர்கள் செய்ய வேண்டிய காவல் என்று நான் நம்புவது அதைத்தான்.

உங்கள் கடிதம் வந்த நாளையும் இதழ் அச்சாகும் நாளையும் கழித்தால், மிச்சம் பத்து நாள்கூட இராது. இன்றே பீரோவைத் திறந்து ஆணையை அவள் கையில் கொடுங்கள். போவதில்லை என்று அவளே முடிவெடுத்தால், அதையும் அவளே எழுதிக் கொடுத்து அடுத்தவருக்கு இடம் விடட்டும்.