டேப்பட் வைத்தும் சத்தம் போகவில்லை: செட்டாக மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1986 மாடல் அம்பாசடர், பெட்ரோல் வண்டி. இன்ஜின் மேல்பக்கம் 'டக் டக்' என்று ஒரே சத்தம். இரண்டு தடவை டேப்பட் வைத்தும், அதாவது வால்வ் இடைவெளியைச் சரிசெய்தும், போகவில்லை. ராக்கர், புஷ் ராட், டேப்பட், கேம் ஷாஃப்ட், வால்வ் எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். ராக்கரை மட்டும் மாற்றினால் போதாதா?
- வாசகர், காரைக்குடி

பதில்: போதலாம். முதலில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.

டேப்பட் வைத்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கரின் மூக்கின் மேல்தான். வால்வ் தண்டைத் தட்டித் தட்டி அங்கே சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். இடைவெளியை அளக்கும் ஃபில்லர் கேஜ் தகடு அந்தப் பள்ளத்தில் இறங்காமல், இரண்டு கரையிலும் பலகை போட்டதுபோல் மேலாக நிற்கும். மெக்கானிக் 0.015 அங்குலம் சரியாகத்தான் வைத்திருப்பார், ஆனால் உள்ளே இடைவெளி அதைவிடக் கூடுதல். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ராக்கர்கள் கோத்திருக்கும் ராக்கர் ஷாஃப்டையும் உருவி, அடிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். தேய்மானம் அங்கேதான் வரும். தேய்ந்து படி தட்டுப்பட்டால் ஷாஃப்ட், ராக்கருக்குள் இருக்கும் புஷ் (bush) வளையம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிப் பணம் வீண்.

இந்த 1489 சிசி இன்ஜினில் ராக்கரைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையும் பிடித்திருப்பவை. அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் கோணிக்கொள்ளும். கூலன்ட்டை வடித்துவிட்டு 11 ஹெட் நட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பட்டறையில் இதைச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

பெரிய செலவு, தன் மேடுகளால் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்தான், பொருளைவிடக் கூலிக்கு. நல்லவேளையாக, கேமின் மேல் உட்காரும் டேப்பட்டுகளை இன்ஜின் பிளாக்கின் பக்க மூடி வழியாகவே எடுத்துவிடலாம். இரண்டு டேப்பட்டின் அடிப்பாகங்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து அசையுங்கள். லேசாக ஆடினால் அடியில் இருக்க வேண்டிய குமிழ்வு இன்னும் இருக்கிறது. ஆடாமல் படிந்து உட்கார்ந்தாலோ, முகத்தில் குழி தெரிந்தாலோ கேமின் மேடுகளையும் பார்த்தாக வேண்டும். கேம் புதிதென்றால் எட்டு டேப்பட்டும் புதிதாக இருக்க வேண்டும், இதில் பேரமே கிடையாது. பழையதையே போடுவதென்றால் எது எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குப் போக வேண்டும். அட்டையில் எட்டு ஓட்டை போட்டு எண் எழுதிச் செருகி வைத்தால் குழம்பாது.

டேப்பட்டுக்கும் ராக்கருக்கும் நடுவே நிற்கும் புஷ் ராடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். நேராக உருண்டு, முனைகளும் தேயாமல் இருந்தால் விட்டுவிடலாம். புகையோ கம்ப்ரஷன் குறைவோ இல்லாதபோது வால்வைத் தொட வேண்டாம்.

சரி, வாங்கும் விஷயம். சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைப் பக்கம் போனால் பழைய ராக்கரைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பில் கேளுங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பில்லில் வேறு காலக்கெடு இல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிகம் என்கிறது. பில் தராததும் அதே கணக்குதான். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மெக்கானிக்கிடம் மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் மறக்காதீர்கள்.