பேரோல் வேலையில சேர்ந்து எட்டு மாசம் ஆகுது, ஏஐ வந்தா இந்த வேலை நிக்குமா?

பி.காம் முடிச்சிட்டு பாண்டில ஒரு கம்பெனியில பேரோல்ல, அதாவது சம்பளம் போடற பிரிவுல சேர்ந்திருக்கேன், இப்பவே வேற லைன் பாத்துக்கணுமான்னு கேட்டிருக்கீங்க. நான் கடலூர் மஞ்சக்குப்பம், 2006-லேர்ந்து பாண்டி பக்கம் ஃபேக்டரி வேலை, மொதல்ல ஆளுங்க வருகைய பாக்கற டைம் ஆபீஸ் அப்புறம் பேரோல், இன்னிக்கு வரைக்கும் பஸ்ஸுல தான் போயிட்டு வர்றேன். நான் பாத்தத சொல்றேன்.

ஆளுங்க குறைவாங்க. அத மறைச்சு உங்களுக்கு தைரியம் சொல்ல எனக்கு மனசு வரல. ஆக்ஸ்ஃபோர்டுல ஃப்ரே, ஆஸ்போர்ன்னு ரெண்டு பேர் 2013-ல 702 வேலைங்கள எடுத்து எதெது கம்ப்யூட்டர் கைக்கு போகும்னு கணக்கு போட்டாங்க, அதுல பேரோல் கிளார்க்குக்கு ஒண்ணுக்கு 0.97, அதாவது கிட்டத்தட்ட போயிடும்னு. வேர்ல்ட் எகனாமிக் ஃபோரம் 2025-ல போட்ட அறிக்கையிலயும் குறையப் போற வேலைங்க லிஸ்ட்ல அக்கவுண்ட்ஸ், பேரோல் கிளார்க் இருக்கு. ஆனா இது இப்ப ஆரம்பிச்ச கதை இல்ல. லண்டன்ல லயன்ஸ்னு டீக்கடைங்க நடத்துன ஒரு கம்பெனி 1951-ல லியோன்னு சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் கட்டி ஓட்டுனாங்க, பேக்கரி கணக்கு முடிஞ்சு கொஞ்ச வருஷத்துலயே அதுல ஏத்துனது சம்பளக் கணக்கு தான். எங்க ஆபீஸையே எடுத்துக்கோங்க, நான் சேர்ந்தப்ப 600 பேர் வேலை செய்யற இடத்துக்கு டைம் ஆபீஸும் பேரோலும் சேர்த்து அஞ்சு பேரு, மஸ்டர் ரோல்னு வருகைப் பதிவேட கையால எழுதி, வருஷக் கடைசியில பி.எஃப்-க்கு ஃபார்ம் 3ஏ, 6ஏ எல்லாம் ராத்திரி எட்டு மணி வரைக்கும் உக்காந்து போடுவோம். 2012-ல பி.எஃப் கணக்க ஆன்லைன்ல ஏத்தற ஈ.சி.ஆர் வந்துச்சு, ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவுல ஹேஷ், டில்டா, ஹேஷ்னு போட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல அப்லோட் பண்ணா முடிஞ்சு போச்சு. பயோமெட்ரிக் மெஷின் வந்துச்சு. இப்ப ரெண்டு பேரு தான் இருக்கோம், அந்த மூணு பேர் போனதுக்கும் ஏஐக்கும் சம்பந்தமே இல்ல.

போன வருஷம் ஏஐ வச்ச புது சாஃப்ட்வேர் வந்துச்சு. நல்லாவே செய்யுதுங்க. போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் யாருக்கு சம்பளம் ஏன் மாறுச்சுன்னு பாக்கறது எனக்கு ஒன்றரை நாள் வேலை, அது அரை மணி நேரத்துல எடுத்து குடுத்துடுது. லீவு எத்தன பாக்கி, ஓ.டி ஏன் கம்மின்னு கேட்டா ஆளுங்களுக்கு போன்லயே பதில் சொல்லுது. அதனால டைப் அடிக்கறதும் கூட்டி சரிபாக்கறதும் மட்டுமே உங்க வேலைன்னா ரொம்ப நாள் நிக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கு, அத சொல்ல தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

2024 நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை கடந்துச்சே, ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அன்னிக்கு நைட் ஷிஃப்ட்ல இருந்த 14 பேருக்கு மறுநாள் காலையில மாத்து ஆள் வரல, தண்ணிய இறைச்சு மெஷினுங்கள காப்பாத்திக்கிட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உள்ளயே இருந்தாங்க. கரண்ட் இல்லாததால பஞ்ச் மெஷின் செத்துப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு சிஸ்டத்த தெறந்தா 14 பேரும் ஆப்சென்ட், லாஸ் ஆஃப் பே, அதாவது சம்பளம் கட்! எனக்கு அப்ப பஸ்ஸும் கெடைக்கல, தென்பெண்ணையில வெள்ளம், வீட்லேர்ந்தே சூப்பர்வைசருக்கு போன், செக்யூரிட்டி அண்ணனுக்கு போன் போட்டா அவர் கேட்ல ஒரு நோட்டுல யார் எத்தன மணிக்கு வெளிய போனாங்கன்னு பென்சில்ல எழுதி வச்சிருந்தாரு, நனைஞ்சு போன அந்த பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பினாரு. அத வச்சு தான் காலையில ஷிஃப்ட் முடியற வரைக்கும் இருந்தது நவம்பர் கணக்கு, அப்புறம் இருந்தது டிசம்பர் ஓ.டி-ன்னு பிரிச்சேன், ஓ.டி-னா ஃபேக்டரி சட்டப்படி டபுள். 7-ம் தேதிக்குள்ள சம்பளம் போட்டாகணும், அதுல பாதி பேருக்கு வீட்டுக்குள்ள தண்ணி. இப்ப இருக்கற சாஃப்ட்வேரா இருந்தா பஞ்ச் இல்லன்னு சிவப்புல காட்டியிருக்கும், அது பெரிய உதவி தான், ஆனா கேட்ல நோட்டு இருக்குன்னு அதுக்கு யார் சொல்றது?

அந்த புது சாஃப்ட்வேர்லயே நடந்த இன்னொண்ணு. ஈ.எஸ்.ஐ-னா தொழிலாளிங்களுக்கான அரசு மருத்துவ காப்பீடு, அதுக்கு மாச சம்பள வரம்பு 21,000, ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர், அக்டோபர்லேர்ந்து மார்ச்னு ஆறாறு மாசமா கணக்கு. நடுவுல இன்க்ரிமென்ட் வந்து 21,000 தாண்டிட்டாலும் அந்த ஆறு மாசம் முடியற வரைக்கும் பிடிச்சே ஆகணும். ஜூன்ல இன்க்ரிமென்ட் ஏத்தினதும் இது 9 பேருக்கு பிடிக்கறத நிறுத்திடுச்சு, செக்கிங்ல எல்லாமே சரின்னு வந்துச்சு, ஏன்னா அதுக்கு செட் பண்ணி குடுத்த ரூலே தப்பு. ஒருத்தரும் வந்து கேக்கல, கையில வர்ற பணம் கூடுதுன்னா யாரு கேப்பாங்க. அந்த ஆறு மாசத்துல பணம் கட்டுன நாள் 78 இருக்கணும், ஏப்ரல், மே ரெண்டே மாசம் கட்டுனா அது சேராது, 78 நாள் சேரலன்னா அடுத்த ஜனவரிலேர்ந்து ஜூன் வரைக்கும் உடம்பு முடியாம படுத்தா வர வேண்டிய 70 சதவீத சம்பளம் வராது. ஆஸ்பத்திரியில படுத்த அப்புறம் தான் அந்த மனுஷனுக்கு தெரிய வரும். ஜூலை 15 செலான் கட்டறதுக்கு முன்னாடி ஆள் எண்ணிக்கை 9 குறையுதேன்னு தோணி பாத்ததால தப்பிச்சோம்.

ஏஐ சொல்றத அப்படியே நம்பாதீங்கன்னு இதனால தான் சொல்றேன். ஒரு தடவ ஃப்ரீயா கெடைக்கற ஒண்ணுகிட்ட ஈ.எஸ்.ஐ-ல தொழிலாளி பங்கு எவ்வளவுன்னு கேட்டேன், 1.75-ன்னு அடிச்சு சொல்லுச்சு, அது 2019 ஜூன் வரைக்கும் இருந்த ரேட்டு, ஜூலைலேர்ந்து 0.75. பழசையும் புதுசையும் தெரிஞ்சவங்களுக்கு தான் அந்த தப்பு கண்ணுல படும். இன்னொண்ணும் சொல்லிடறேன், ஆளுங்களோட ஆதார் நம்பர், பேங்க் அக்கவுண்ட் இருக்கற எக்ஸெல் ஷீட்ட எல்லாம் அதுல போடவே போடாதீங்க, அது நம்மள நம்பி குடுத்தது.

கனடால 2016-ல மத்திய அரசு ஊழியர்களுக்கு ஃபீனிக்ஸ்னு ஒரு சம்பள சிஸ்டம் கொண்டு வந்தாங்க. அது ஏஐ இல்ல, இருந்தாலும் நம்ம முதலாளிங்க படிக்க வேண்டியது. செலவு மிச்சம்னு பழைய சம்பள ஆளுங்க வேலைய நூத்துக்கணக்குல முன்னாடியே எடுத்துட்டாங்க. அப்புறம் சிலருக்கு சம்பளமே வரல, சிலருக்கு கம்மி, சிலருக்கு அதிகமா போட்டுட்டு திருப்பி கேட்டாங்க, சரி பண்ண நூறு கோடி டாலருக்கு மேல போச்சு.

எனக்கு உண்மையான கவலை உங்கள மாதிரி புதுசா வர்றவங்கள பத்தி தான். நான் ரூல் கத்துக்கிட்டது அந்த மஸ்டர் ரோல எழுதி எழுதி, தப்பு பண்ணி திட்டு வாங்கி. அந்த வேலைய மெஷின் செஞ்சிட்டா நீங்க எங்க கத்துப்பீங்க? அதனால மாசம் ஒரு பத்து பேருக்காவது சிஸ்டத்த பாக்காம கையால சம்பளம் போட்டு பாருங்க, ஒரு கிராஜுவிட்டி, ஒரு போனஸ், ஒரு ஃபுல் அண்ட் ஃபைனல். 2025 நவம்பர் 21-லேர்ந்து புது லேபர் கோடு, அதாவது புது தொழிலாளர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு, அலவன்ஸ் எல்லாம் சேர்ந்து மொத்தத்துல பாதிக்கு மேல போனா, மேல போனது சம்பளத்துலயே சேரும், அத வரிக்கு வரி உக்காந்து படிங்க, உங்க சீனியருக்கும் அது புதுசு தான்.

அப்புறம் பி.எஃப் பேர் தகராறு. நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல அப்பா பேர் பின்னாடி, பழைய காண்ட்ராக்டர் ஏத்தினது வேற ஸ்பெல்லிங், ஒரே ஆளுக்கு மூணு யூ.ஏ.என், அதாவது பி.எஃப் நம்பர். 2017 அக்டோபருக்கு அப்புறம் ஆதார் வச்சு எடுத்த யூ.ஏ.என்-னா இப்ப பெரும்பாலும் அவங்களே ஆன்லைன்ல திருத்திக்கலாம், அதுக்கு முன்னாடி எடுத்ததுக்கு தான் கம்பெனி கையெழுத்து வேணும். போன வருஷம் 58 வயசாகி ரிடயர் ஆன ஒரு அண்ணனுக்கு இத சரி பண்ண ஏழு மாசம் ஆச்சு. இங்கிலீஷ் லெட்டர் எல்லாம் ஏஐ தான் எழுதி குடுத்துச்சு, அழகா எழுதுச்சு. 1998-ல அவர் வேலை செஞ்ச காண்ட்ராக்டர தேடி அவரையும் கூட்டிக்கிட்டு முதுநகர்ல வீடு வீடா கேட்டு ஒரு பழைய ரெஜிஸ்டர் வாங்கிட்டு வந்தது நான். இப்ப அவருக்கு மாசாமாசம் பென்ஷன் வருது.

உங்க ஆபீஸ்லயும் அந்த மாதிரி யாரும் தொடாத ஃபைல் நாலஞ்சு கண்டிப்பா கெடக்கும். நாளைக்கு போனதும் அதுல ஒண்ண கேட்டு வாங்குங்க.