எழுதியது எழுதியபடி என்றால்...

கேள்வி: எல்லாமே கத்ர் (விதி), அல்லாஹ் முன்பே எழுதிவிட்டான் என்று மதரஸாவில் படித்தோம். அப்படியென்றால் தப்பு செய்தவனைத் தண்டிப்பது என்ன நியாயம்? நாமும் சும்மா இருந்துவிடலாமே?

பதில்: இதை நபித்தோழர்களே கேட்டுவிட்டார்கள். மதீனாவின் பகீஉ அடக்கத்தலத்தில் ஒரு ஜனாஸாவின் (இறுதிச் சடங்கின்) போது நபி (ஸல்) அவர்கள் குச்சியால் தரையைக் கீறியபடி, சொர்க்கமோ நரகமோ ஒவ்வொருவருக்கும் இடம் எழுதியாகிவிட்டது என்றார்கள். அப்போ அதை நம்பி அமலை (நற்செயல்களை) விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, அமல் செய்யுங்கள், அவரவருக்கு அவரவர் வழி எளிதாக்கப்படும் என்பதுதான் பதில். அல்லாஹ் நாடியிருந்தால் நாங்கள் இணை வைத்திருக்க (அவனோடு வேறு கடவுள்களையும் வணங்கியிருக்க) மாட்டோம் என்று இணைவைப்பவர்கள் சொல்லும் சாக்கையும் குர்ஆன் (6:148) ஏற்கவில்லை, 'உங்களிடம் அதற்கு ஏதாவது அறிவு இருக்கிறதா' என்று திருப்பிக் கேட்கிறது. எழுதியது என்ன என்று தெரியாதவன் அதைக் காட்டித் தப்பிக்க முடியாது, அவ்வளவுதான். சுபுஹு (அதிகாலைத்) தொழுகைக்கு எழாததற்கு விதியைச் சொல்கிற யாரும் சம்பளம் வராத மாதம் முதலாளியிடம் அதைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைச் சம்பாதித்துக்கொள்பவன் மனிதன் என்று இறையியல் அறிஞர் இமாம் அஷ்அரீ 'கஸ்பு' (சம்பாதித்தல்) என்றொரு விளக்கம் தந்தார். பிடிபடாத விஷயத்தை 'அஷ்அரீயின் கஸ்பைவிட நுட்பமானது' என்று அரபியில் கிண்டலாகச் சொல்வதுண்டு, அதனால் நான் அதற்குள் போகவில்லை.

எனக்குப் புரியவைத்தது இரண்டாம் கலீஃபா (ஆட்சித் தலைவர்) உமர் (ரலி) அவர்கள்தான். ஷாமுக்கு (சிரியா பகுதிக்கு) போகும் வழியில் ஸர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் என்று செய்தி வருகிறது. பலரிடம் ஆலோசனை கேட்டுவிட்டு, காலையில் மதீனாவுக்கே திரும்புகிறேன் என்கிறார். "அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா?" என்று கேட்டவர் தளபதி அபூ உபைதா (ரலி). "ஆமாம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம். ஒரு பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வறட்சி. உங்கள் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது விதிதானே?" என்றார் உமர். இரண்டு சரிவும் அவனுடையவை, ஆனாலும் கயிறு நம் கையில்.

அப்புறம்தான் இன்னொரு நபித்தோழர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் வந்தால் தப்பி ஓடாதீர்கள் என்ற நபிமொழியைச் சொன்னார். உமர் திரும்பிவிட்டார். அபூ உபைதா ஷாமிலேயே இருந்தார், அந்த நோயிலேயே மறைந்தார்.