கசவு ஒரு படத்தில் வெள்ளை, அடுத்த படத்தில் சாம்பல்: லைட்ரூமில் ஆட்டோவை எங்கே அணைப்பது?

கேள்வி: களியக்காவிளையில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கமும் ஆர்டர் வரும். போன முகூர்த்தத்தில் தாலிகட்டை மேனுவலில், ஒரே ஷட்டர், ஒரே அப்பர்ச்சர் வைத்து ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூல ஃபைலாக) எடுத்தேன். கேமராத் திரையில் எல்லாம் ஒன்றுபோல இருந்தது. போட்டோ திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் ஏற்றியதும் இரண்டு விநாடி நன்றாகத் தெரிந்துவிட்டுப் பிறகு மாறுகிறது. ஒரு படத்தில் கசவு (ஜரிகைக் கரை வைத்த கேரள வெள்ளைச் சேலை) வெள்ளையாக இருக்கிறது, அடுத்ததில் சாம்பல் தட்டுகிறது. ஆல்பம் வேலை எடுத்துச் செய்யும் ஏஜென்ட், சென்சார் போய்விட்டது, மாற்றித் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: கேமராவை அவரிடம் கொடுக்காதீர்கள். கேமராத் திரையில் படங்கள் ஒன்றுபோல இருந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சென்சார் கெட்டால் கோடு விழும், ஒரே இடத்தில் புள்ளி நிற்கும். கணினியில் ஏற்றிய பிறகு மட்டும் வெளிச்சம் ஏறி இறங்காது. கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்படிச் சொல்லி கேமராவை வாங்கிக்கொண்டு போய், சும்மா துடைத்துவிட்டுப் பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மென்பொருளில் ஒரு டிக்கை எடுத்தால் தீர்கிற விஷயம் இது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். டெவலப் பகுதியில் அடுத்தடுத்த இரண்டு படங்களைத் திறந்து, வலது பக்கம் எக்ஸ்போஷர் ஸ்லைடரின் எண்ணைப் பாருங்கள். நீங்கள் எதையும் தொடாதபோதே ஒன்றில் +0.45, மற்றதில் -0.30 என்று நின்றால் ஆட்டோ, அதாவது லைட்ரூம் தானாகவே வெளிச்சத்தைத் திருத்தும் வசதி, வேலை செய்கிறது. இரண்டிலும் 0.00 என்றால் ஆட்டோ இல்லை. அப்போது ‘ஐ’ எழுத்தை அழுத்துங்கள், படத்தின் மேலேயே விவரம் வரும். அதில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) படத்துக்குப் படம் மாறியிருந்தால், நீங்கள் மேனுவல் என்று நினைத்துக்கொண்டு ஆட்டோ ஐஎஸ்ஓவில் எடுத்திருக்கிறீர்கள். ஃப்ளாஷ் டிடிஎல்லில் (தன் அளவைத் தானே தீர்மானிக்கும் முறையில்) இருந்தாலும் வெள்ளைச் சேலையைப் பார்த்து அது தன் அளவைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டு விநாடி கழித்து மாறுவது வேறு விஷயம். ரா ஃபைலுக்குள் கேமரா ஒரு சின்ன ஜேபெக் படத்தை வைத்திருக்கிறது. லைட்ரூம் முதலில் அதைக் காட்டிவிட்டு, பிறகு தன் கணக்குப்படி வரைந்த படத்தைக் காட்டுகிறது. எல்லாப் படமும் ஒரே மாதிரி மாறினால் கவலை வேண்டாம். புரொஃபைலில் கேமரா ஸ்டாண்டர்டைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் கேமராத் திரைக்கு அருகில் வந்துவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறினால்தான் ஆட்டோவைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆட்டோவுக்குப் பக்கத்துப் படம் தெரியாது. மணப்பெண்ணின் குளோசப்பில் ஃபிரேம் முழுக்கக் கசவு இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று இறக்கும். அடுத்த படத்தில் குத்துவிளக்குக்குப் பின்னால் இருட்டு மண்டபம் தெரிந்தால் ஏற்றும். முதல் படத்தில் சேலை சாம்பல், இரண்டாவதில் ஜரிகை வெளுத்துப் போகிறது. எக்ஸ்போஷரோடு கான்ட்ராஸ்ட், ஹைலைட்ஸ், ஷேடோஸ், வைட்ஸ், பிளாக்ஸ், இப்போதைய பதிப்புகளில் வைப்ரன்ஸ், சாச்சுரேஷன் வரை அது கை வைக்கிறது. அதனால்தான் முகத்தின் நிறமும் மாறுகிறது.

இனி அணைப்பது. விண்டோஸில் எடிட், பிரிஃபரன்சஸ், அதில் பிரீசெட்ஸ். பழைய பதிப்பு என்றால் அங்கே ‘அப்ளை ஆட்டோ டோன் அட்ஜஸ்ட்மென்ட்ஸ்’ என்று ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். 2020 பிப்ரவரியில் வந்த 9.2 பதிப்பு முதல் அங்கே ‘ரா டீஃபால்ட்ஸ்’ இருக்கிறது. குளோபல் என்ற இடத்தில் ‘அடோபி டீஃபால்ட்’ வையுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். அதற்குக் கீழே, குறிப்பிட்ட ஒரு கேமராவுக்குத் தனி அமைப்பு என்று இன்னொரு டிக் உண்டு. அதில் உங்கள் கேமராவின் பெயரில் ஏதாவது பிரீசெட் (சேமித்துவைத்த திருத்தங்களின் தொகுப்பு) பதிந்திருந்தால், மேலே என்ன வைத்தாலும் அதுதான் ஓடும். மென்பொருளை ஏற்றித் தரும் கடைக்காரர்கள் தங்கள் பிரீசெட்டை இங்கேதான் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரே விஷயத்தைப் பதிப்புக்குப் பதிப்பு பெயர் மாற்றி, இடம் மாற்றி வைத்தால், ராத்திரி ஒரு மணிக்கு ஆல்பம் முடிக்க உட்காருகிற ஆள் எங்கே போய்த் தேடுவார்? இது ஒரு பெரிய பொத்தானாக முன்னால் இருக்க வேண்டிய அமைப்பு.

அடுத்து இம்போர்ட் திரை. வலது பக்கம் ‘அப்ளை டியூரிங் இம்போர்ட்’ பகுதியில் டெவலப் செட்டிங்ஸ் ‘நன்’ என்று இருக்க வேண்டும். ஒருமுறை வைத்த பிரீசெட் அடுத்த கல்யாணத்துக்கும் அப்படியே நிற்கும்.

இதையெல்லாம் மாற்றினாலும், ஏற்கெனவே ஏற்றிய படங்கள் தானாகச் சரியாகாது. நிறைய பேர் இங்கேதான் ‘அணைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்கிறார்கள். இன்னும் எடிட் செய்யாத படங்கள் என்றால் லைப்ரரியில் கிரிட்டுக்குப் போய், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் அழுத்தி ரீசெட் செய்யுங்கள். கிராப் செய்த படங்களில் இதைச் செய்தால் கிராப்பும் போய்விடும். அவற்றுக்கு ஒரு படத்தைச் சரிசெய்து, மற்றவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ‘சிங்க்’ அழுத்துங்கள். வரும் பெட்டியில் முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, மேலே சொன்ன ஸ்லைடர்களை மட்டும் டிக் செய்யுங்கள்.

விற்பனைக்கு வரும் ‘கேரளா வெட்டிங்’ பிரீசெட் மூட்டைகளில் கவனமாக இருங்கள். பிரீசெட் சேமிக்கும்போது ‘ஆட்டோ செட்டிங்ஸ்’ டிக் போட்டிருந்தால், அதைப் போடும் ஒவ்வொரு படத்திலும் ஆட்டோ தனித்தனியாகக் கணக்குப் போடும். விற்பவர் சொல்லமாட்டார். நீங்களே சோதிக்கலாம்: ஒரு வெள்ளைச் சேலைப் படம், ஒரு யானைப் படம், இரண்டையும் ரீசெட் செய்துவிட்டு இரண்டிலும் பிரீசெட்டைப் போடுங்கள். எக்ஸ்போஷர் எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறு வேறாக வந்தால் அந்தப் பிரீசெட்டை அழித்துவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். கேனானில் ‘ஹைலைட் டோன் பிரையாரிட்டி’ என்று ஒன்று உண்டு. வெள்ளைச் சேலை வெளுக்காமல் இருக்கக் கல்யாணக்காரர்கள் இதைப் போட்டுவைப்பார்கள். போட்டால் வியூஃபைண்டரில் ‘டி+’ வரும், பெரும்பாலான கேமராக்களில் ஐஎஸ்ஓ 100 கிடைக்காது, 200-இல்தான் தொடங்கும். கேமரா ரா ஃபைலை ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சத்துக்கு) இருட்டாகப் பதிந்துவிட்டு, ‘நான் குறைத்திருக்கிறேன்’ என்று ஒரு குறிப்பும் வைக்கிறது. லைட்ரூம் அந்தக் குறிப்பைப் படித்து ஒரு ஸ்டாப் ஏற்றிக் காட்டும், ஆனால் ஸ்லைடர் 0.00-இலேயே நிற்கும். இது ஆட்டோ அல்ல, மேலே சொன்ன எந்த டிக்காலும் அணையாது, அணைக்கவும் வேண்டாம். குறிப்பைப் படிக்காத மென்பொருளில் அதே ஃபைல் ஒரு ஸ்டாப் இருட்டாகத் திறக்கும். ஏஜென்ட்டின் கணினியில் வேறு மென்பொருள் இருந்தால், ‘சென்சார் போச்சு’ என்ற பேச்சு இங்கிருந்தும் கிளம்பியிருக்கலாம். போட்டால் முகூர்த்தம் தொடங்கும் முன்பே போடுங்கள். பாதியில் மாற்றினால், முன்பாதிப் படங்களையும் பின்பாதிப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நிழல் பகுதியில் தெரியும் நாய்ஸ் புள்ளிகள் வேறுபடும்.

இலவச மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்கு: ராதெரப்பியில் பிரிஃபரன்சஸில் இமேஜ் பிராசசிங் போய், ரா படங்களுக்கான டீஃபால்ட் புரொஃபைலை ‘நியூட்ரல்’ ஆக்குங்கள். டார்க்டேபிளில் எக்ஸ்போஷர் பகுதியில் ‘காம்பன்சேட் கேமரா எக்ஸ்போஷர்’ டிக்கை எடுங்கள். நீங்கள் கேமராவில் வேண்டுமென்றே வைத்த எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை அது எதிர்த்திசையில் தள்ளிவிடும்.

ஏஜென்ட்டுக்கு ரா ஃபைலைக் கொடுக்காதீர்கள். அவருடைய கணினியில் ஆட்டோ ஓடினால் உங்கள் வேலை முழுதும் வீண். லைட்ரூமிலிருந்து ஜேபெக்காக, எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், தரம் 90-க்கு மேல் எக்ஸ்போர்ட் செய்து கொடுங்கள். லேபுக்குப் போகும் முன் தாலிகட்டில் நான்கு படங்களை மட்டும் 4 அங்குலத்துக்கு 6 அங்குலத்தில் சோதனைப் பிரிண்ட் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கசவை ஒப்பிடுங்கள்.