நன்றாக வேகவைத்தும் வயிறு ஏன் கெட்டது?

கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா, அதன் குடல் நச்சு பற்றிய கேள்விகளுக்கு ஒரு நுண்ணுயிரியலாளரின் பதில்கள்.

மதியம் இறைச்சியை நன்றாகத்தான் வேகவைத்தோம் சார். இரவு சாப்பிட்ட எல்லோருக்கும் விடிகாலையில் வயிற்றுப்போக்கு. எங்கே தப்பு?

வேகவைத்ததில் இல்லை, ஆறவிட்டதில். இந்த பெர்ஃபிரிஞ்சென்ஸ் பாக்டீரியா உறை போட்ட வித்தாக மாறிக் கொதியிலும் தாக்குப்பிடிக்கும். சூடு அந்த வித்தைத் தட்டி எழுப்புகிறது, போட்டிக் கிருமிகளையும் ஒழித்துத் தருகிறது. பெரிய பாத்திரம் மெதுவாக ஆறும்போது 45 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுமார் 10 நிமிடத்துக்கொரு முறை இரட்டிப்பாகும். காற்றுப் புகாத இறைச்சிக் குவியல் அதற்குச் சொர்க்கம்.

அப்போ நச்சு பாத்திரத்திலேயே ஊறிவிடுகிறதா?

பலரும் குழம்புவது இங்கேதான். உணவிலேயே நச்சைச் சேர்த்துவைப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியா; அதனால்தான் அதில் சில மணி நேரத்திலேயே வாந்தி. பெர்ஃபிரிஞ்சென்ஸ் கோடிக்கணக்கில் உயிரோடு உள்ளே போக வேண்டும். சிறுகுடலில் மறுபடி வித்தாக மாறும். வித்தைச் சுமந்த செல் உடையும்போது நச்சு கொட்டும். அது குடல் செல்லின் கிளாடின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடும். கால்சியம் உள்ளே பாய்ந்து செல் சாகும், நீர் குடலுக்குள் ஒழுகும். இத்தனையும் நடக்க 6 முதல் 24 மணி நேரம் வேண்டாமா?

மறுபடி சூடாக்கிச் சாப்பிட்டால்?

நடுப்பகுதி வரை 74 டிகிரி ஏறினால் வளர்ந்த கிருமிகள் சாகும். வெதுவெதுப்பாக்குவது அவற்றுக்கு விருந்து வைப்பதுதான். ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு கொதித்தாலும் போகாது என்பதால் இதை நம்பி உணவை வெளியே விடாதீர்கள். அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஆன்டிபயாட்டிக் எடுக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும், ஓஆர்எஸ் குடியுங்கள். இதில் காய்ச்சல் அபூர்வம். காய்ச்சலோ ரத்தமோ வந்தால் வேறு கிருமியாக இருக்கலாம், டாக்டரிடம் போங்கள். குழந்தைகள், முதியவர்கள் விஷயத்தில் காத்திருக்க வேண்டாம்.

இந்த நச்சால் நல்லது ஏதும் உண்டா?

நல்ல கேள்வி! சில புற்றுநோய்ச் செல்களில் கிளாடின் மிகுதியாக இருக்கிறது. அதை அடையாளம் வைத்து அந்தச் செல்களை மட்டும் தாக்க இதே நச்சைப் பயன்படுத்த முடியுமா என்று ஆய்வகங்களில் பார்த்துவருகிறார்கள்.