நீல டிக் விழுகிறது, பதில் வரவில்லை

கேள்வி: பேரணாம்பட்டில் இருக்கும் என் சித்தி மகன், 24 வயது, இரண்டு மாதம் முன்பு உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தான். பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டான். ‘எப்படி இருக்கே? மாத்திரை போட்டியா? ஏன் பேச மாட்டேங்கிற?’ என்று வாட்ஸப்பில் கேட்டேன். நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. தொந்தரவு செய்கிறேனோ? – ஓர் அக்கா, குடியாத்தம்.

பதில்: அம்மா, அனுப்புவது தொந்தரவு இல்லை. ஆனால் மூன்றுமே கேள்வி. சோர்ந்து கிடப்பவனுக்குப் பதில் சொல்வதும் ஒரு கடன்தான்.

சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள் கடிதம் போட்டார். ‘நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், எழுதினால் மகிழ்வோம்’, அவ்வளவே. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் சென்னை உள்ளிட்ட ஐந்து ஊர்களில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் நடத்திய ஆய்வில், உட்கார வைத்துப் பேசி வீட்டுக்கு அனுப்பியபின் 18 மாதத்தில் ஒன்பது முறை தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், மற்றவர்களில் 2.2. பிறகு வந்த எல்லா ஆய்விலும் இவ்வளவு பலன் தெரியவில்லை. எனவே டாக்டரையும் மருந்தையும் விடக்கூடாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: “தம்பி, சந்தையில இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா பாத்தேன், உன் ஞாபகம் வந்துச்சு. பதிலெல்லாம் போட வேணாம்.” இப்போது வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. முதல் வாரம் சொந்தமெல்லாம் பழப்பையோடு வந்து நிற்கும். மூன்றாம் மாதம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். (நானும் அப்படி மறந்தவள்தான்.) அதனால் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

‘நான் எல்லாருக்கும் பாரம்’ என்பது போல ஏதாவது எழுதினால், மெசேஜோடு நிற்காதீர்கள். பஸ் ஏறிப் போய், “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் தனியே விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டும் இரவிலும் எடுப்பார்கள்; தமிழிலேயே பேசலாம். மாத்திரைகள் சித்தியின் கையில் பூட்டி இருக்கட்டும்.

ஒருநாள் வெறும் கட்டைவிரல் படம் மட்டும் வரலாம். ‘இவ்வளவுதானா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.